ஆள் குடியிருக்கும் வீட்டை ஆளில்லா வீடு என்று எழுதி, குசினிச் சுவரோரம் மாணிக்கக் குழி வெட்ட வந்தது பற்றி

அனுப்புநர்:
அந்தனி தெரேசம்மா,
சாலி நானா தேத்தண்ணிக் கடைக்குப் பின்வீடு,
சந்தை வீதி, ஹபுகஹதென்ன,
இரத்தினபுரி மாவட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
ஹபுகஹதென்ன.

பொருள்: நானும் என் பேத்தியும் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் யாரும் இல்லை என்று எழுதியதைத் திருத்தவும், அங்கே குழி வெட்டுவதை நிறுத்தவும் கேட்பது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, வயதாகி, வேலையிலிருந்து பேர் வெட்டும்வரை அங்கேயே இருந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மெரினா எழுதுகிறாள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைப்பேன்.

2. மெரினாவுக்கு இரத்தினபுரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் கடை திறந்த பிறகுதான் போய்ச் சேரலாம். இரத்தினபுரி டவுனிலேயே வீடு கேட்டுப் போனால், தோட்டத்து ஆட்கள் என்று எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்குக் குடிவந்தோம். வயலும் வெற்றிலைத் தோட்டமும் மரக்கறிச் சந்தையும் உள்ள நல்ல ஊர். எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கிருந்து போகிற எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3. வீட்டுக்காரர் பெயர் அழகமுத்து கஜேந்திரன். இதே வீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அவர் எங்களுக்கு வேற்றாள் இல்லை, தோட்டத்து லயவீட்டு வரிசையில் எங்கள் சுவருக்கு அடுத்த காம்பராவில் பிறந்தவர். அவருடைய தகப்பன்தான் அழகமுத்துக் கங்காணி. நான் அவருடைய தொழிற்சங்கத்தில் சேரவில்லை என்பதற்காக, ஒரு மழைக்காலம் முழுவதும் என்னை அட்டை மொய்க்கிற மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பியவர். இந்த வரி மனுவுக்குத் தேவையில்லை என்கிறாள் மெரினா. தேவை, இருக்கட்டும். ஆனாலும் தகப்பன் செய்ததை நான் மகன் தலையில் போடவில்லை. மகன் தானாகச் செய்தது கீழே வருகிறது.

சாவி கொடுத்த அன்று கஜேந்திரன் சொன்னது: “நம்ம லயத்து ஆளுக்கு இல்லாத வீடா, பெரியம்மா? ஒங்களுக்குப் பிடிக்கிற வரைக்கும் இருங்க.” முன்வீட்டுச் சாலி நானா அப்போது பக்கத்தில் நின்றார். இன்றுவரை நான் வாடகை தவறியதில்லை. அதைக் கஜேந்திரனும் மறுக்கமாட்டார்.

4. வீடு சரிவில் இருக்கிறது. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் பின்கதவால் வந்து முன்கதவால் போகும். தோட்டத்து ஆள் இதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கமாட்டாள். தேயிலை மலையில் வெட்டுவதுபோலவே வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடக் கான் வெட்டினேன். அடுப்பெரிக்கிற குசினிப் பக்கம் மண் இளகியிருந்ததால் கான் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. அடியிலிருந்து உருண்டை உருண்டையாய், கழுவி வைத்ததுபோல் சரளைக் கல் வந்தது. எறிய மனமில்லாமல் வாசலில் கொட்டி மிதித்துப் பரப்பினேன். லயத்தில் சேற்றுக்கு நாங்கள் செய்கிற வைத்தியம் அதுதான்.

இந்த மாவட்டத்தில் சின்னப்பிள்ளைகூட அந்தச் சரளையைப் பார்த்தால் கீழே மாணிக்கம் இருக்கலாம் என்று சொல்லும். நான் தேயிலைக்காரி. கல் என்றால் கால் வைக்க என்றுதான் எனக்குத் தெரியும்.

வாடகை வாங்க வந்த கஜேந்திரன் வாசலிலேயே குந்திவிட்டார். “பெரியம்மா, இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?” என்று கேட்டார். “கான்லேருந்துதான் தம்பி, சேறு மிதிச்சு மிதிச்சு வீடே நாறுது” என்றேன். ஒரு பிடியை அள்ளி, முகம் துடைக்கிற லேஞ்சியில் முடிந்துகொண்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. வாங்க வந்த வாடகையையும் வாங்காமல் போய்விட்டார். அதை நான்தான் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

5. அன்றிலிருந்து என் உடம்பைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை வந்துவிட்டது. “இங்க ஈரம் பெரியம்மா, ஒங்க நெஞ்சுக்கு ஆகாது. பலாங்கொடைப் பக்கம் நல்ல ரூம் ஒண்ணு பாத்திருக்கேன்” என்றார். என் நெஞ்சுக்கு ஒரு கேடும் இல்லை. “ஈரத்துக்குத்தான் கான் வெட்டியாச்சே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பலாங்கொடைக்குப் போனால் மெரினா மறுபடியும் விடியுமுன் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அதற்கா இத்தனை பாடுபட்டு இறங்கி வந்தோம்?

6. நவம்பர் இரண்டாம் திகதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். முதல் நாளே தோட்டத்துக்குப் போய், என் கணவர் அந்தனியின் கல்லறையைத் துப்புரவு செய்து, மெழுகுதிரி கொளுத்தி, உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வருவோம். இது கஜேந்திரனுக்குத் தெரியாததல்ல. சிறுபிள்ளையில் அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்தியவர்தான். ஆள் இருக்கிற வீட்டோரம் மாணிக்கக் குழிக்கு அனுமதி கொடுக்கமாட்டார்களாம். அதனால் இந்த வருடம் அதே நாளில் வீட்டைப் பார்க்க ஓர் உத்தியோகத்தரைக் கூட்டி வந்திருக்கிறார்.

நடந்ததைச் சாலி நானா எனக்குச் சொன்னார்: “நான் சொன்னேன் அக்கா, ஆள் ஈக்கிறாங்க சேர், தோட்டத்துக்குப் போயீக்கிறாங்கண்டு. அந்த சேர் ஜன்னலால எட்டிப் பாத்துட்டு, சட்டியெல்லாம் கவுந்து கெடக்குது, அடுப்புல சாம்பல்கூட இல்ல, இதுல யார் இருக்கிறது எண்டு சிரிச்சார்.”

ஐயா, அது எங்கள் வழக்கம். இரவு தங்கப் போகிறோம் என்றால் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, சட்டி பானையைக் கவிழ்த்து, பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவோம். சாம்பலுக்குள் கிடந்த ஒரு நெருப்புத் துண்டால் ஒரு லயமே எரிந்து போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த உத்தியோகத்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்டதை எழுதினார். பக்கத்தில் நின்ற கஜேந்திரனுக்கு அந்தச் சட்டி ஏன் கவிழ்ந்திருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அவரைப் பெற்றவளும் அப்படித்தான் கவிழ்த்தாள். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மகன் தானாகச் செய்தது என்று நான் மேலே சொன்னது இதைத்தான். இதை நான் மறக்கப் போவதில்லை.

7. போன கிழமை ஆட்களோடு வந்து நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினார். “ஆளில்லேன்னு எழுதியாச்சு பெரியம்மா. இனிமே நீங்க இருந்தாலும் இல்லாத மாதிரித்தான்” என்றார். “அப்ப இத்தனை நாளா யாருகிட்டடா வாடகை வாங்குன, பேய்கிட்டயா?” என்று கேட்டேன். கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

8. அந்தக் கயிறு குசினிச் சுவரிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் ஓடுகிறது. சுவர் பழைய மண்கல் சுவர். குழியோரம் ஒரு மழைக்கு இடிந்தால் முதலில் குசினி போகும். அடுத்தது மெரினா படுக்கிற அறை. குழித் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்தால் நாங்களும் சாலி நானா வீட்டாரும் குடிக்கிற கிணறும் வற்றிவிடும். கல் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணி அவருடையது. கீழே கிடப்பதை அவரும் அரசாங்கமும் பேசிக்கொள்ளட்டும். மேலே குடியிருப்பது நாங்கள்.

9. ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியது: வேறோர் உத்தியோகத்தரை, கஜேந்திரன் இல்லாமல், தனியாக அனுப்பி வீட்டைப் பார்க்கச் செய்யுங்கள். எந்த நாளும் வரலாம், முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. ஆளில்லை என்று எழுதியதை அடித்துவிட்டு, அந்தனி தெரேசம்மாவும் பேத்தியும் குடியிருக்கிறார்கள் என்று எழுதச் செய்யுங்கள். அதுவரை குழி வேலையை நிறுத்தி வைக்க உத்தரவிடுங்கள். வயதானவள், பாவம் என்று எதுவும் செய்ய வேண்டாம். இருப்பவளை இருக்கிறாள் என்று எழுதினால் போதும். பதிலைச் சிங்களத்தில் அனுப்பினாலும் குற்றமில்லை, யாராவது வாசித்தால் எனக்கு விளங்கும்.

10. கடைசியாக, இன்று காலை நடந்ததையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். மண் தோண்டும் அலவாங்கோடு நான்கு பேர் வேலைக்கு வந்தார்கள். நான் வீட்டுக் கதிரையைக் கொண்டுபோய் நான்கு முளைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். “ஆச்சி, கொஞ்சம் எழும்புங்க, வேலை இருக்கு” என்று அவர்களில் மூத்தவர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். “இங்க ஆளே இல்லைன்னு ஒங்ககிட்ட கடதாசி இருக்கே மகன், அப்ப நீங்க யாரை எழும்பச் சொல்றீங்க?” என்று நானும் சிங்களத்திலேயே கேட்டேன். நால்வரும் அலவாங்கைக் கீழே வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மெரினாவிடம் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

திங்கட்கிழமையும் நான் அதே இடத்தில்தான் இருப்பேன். தங்கள் உத்தியோகத்தர் அதற்கு முன்னால் வந்தால் அவருக்கு இன்னொரு கதிரை எடுத்துப் போடுகிறேன். பார்த்து எழுதட்டும்.

இந்த வீட்டில் குடியிருப்பவர்,

அந்தனி தெரேசம்மா
(கையெழுத்து)

இடம்: ஹபுகஹதென்ன
திகதி: 24.11.2023