சொறி பிடித்த நரியும் நீ தூக்காத மகளும்

மச்சான்,

இன்று ஹவுகெட்டோ ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றபோது தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு நரியைக் கண்டோம். வாலில் மயிரே இல்லை. பட்டப்பகலில், ஆட்களைக் கண்டும் ஓடாமல், குந்தியிருந்து சொறிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற உன் மகள், "இதுக்கு ரேவெஸ்காப், மாமா. பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்" என்றாள். நரிச்சொறிக்கு அவளுக்கு நோர்வேஜியப் பெயர்தான் தெரியும். எனக்கு உன் கைகள்தான் ஞாபகம் வந்தன.

ட்வெய்ட்டாவில் நாம் இருவரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட காலம். மனைவிக்கும், நீ இஞ்சை வந்தபின் பிறந்த மகளுக்கும் விசா கிடைத்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களுக்கு விருந்து வைக்கவென்று வாங்கிய ஆட்டிறைச்சியால் உறைபெட்டி நிரம்பி வழிந்தது. மனைவியின் குளிர்கோட்டுக்கு நரித்தோலில் கழுத்துப்பட்டி தைக்க வேண்டும் என்று வேறு உனக்கு ஆசை.

கிட்டங்கியில் நம்மோடு வேலை செய்த ஆர்னே தான் சுட்ட நரியைத் தந்தபோதே எச்சரித்தார். வாலடியில் சொறி இருக்கிறது, எரிப்பதுதான் நல்லது. உரிக்கத்தான் போகிறாய் என்றால் கையுறை போடு, இரட்டைப் பையில் கட்டிப் பல நாள் உறையவிடு, பூச்சி செத்தபின் தொடு என்றார். நீ கேட்டால்தானே?

"ஆட்டுக்குப் பக்கத்திலை நரியை வைக்கிறதோ? அவள் வந்து திறந்து பாத்தாள் எண்டால் அடுத்த பிளேனிலை திரும்பிப் போயிடுவாள்" என்றாய். பல்கனியில் வெறுங்கையால் உரித்தாய்.

இரண்டொரு நாளில் முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. நரியின் பூச்சி மனிதத் தோலில் நிலைக்காது, தானாகப் போய்விடும் என்று டொக்டர் சொன்னார். தோலைக் கட்டி எரிக்கக் கொடுத்தோம், உடுப்பெல்லாம் கொதிநீரில் தோய்த்தோம். உன் பயம் மட்டும் போகவில்லை. "சின்னப்பிள்ளை மச்சான். தொத்திச்சுதெண்டால்? மனிசிக்கும் சொல்லிப்போடாதை, வந்த அண்டைக்கே சொறிக்காரன் எண்டு நினைப்பாள்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

விமான நிலையத்தில், போட்டோவில் மட்டும் பார்த்த அப்பாவை அடையாளம் கண்டு உன் மகள் ஓடிவந்தாள், மச்சான். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகினாய். "அப்பாவுக்குத் தடிமன்" என்றாய். ஓடி வந்த பிள்ளை பாதியில் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை. கை ஆறிய பிறகு நீ அவளை இறக்கி விடாமல் தூக்கித் திரிந்தாய். ஆனாலும் அந்த ஒரு நாள் அவள் மனதில் தங்கிவிட்டது.

போன மாரியில் நீ கண்ணை மூடியதிலிருந்து கேட்க நினைத்ததை இன்று கேட்டாள்: "அப்பா அண்டைக்கு இருமவே இல்லை, மாமா. பிறகேன் என்னைத் தூக்கேல்லை? நான் வந்தது அவருக்கு விருப்பமில்லையோ?"

சத்தியமாவது மண்ணாவது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் பயம் எவ்வளவு பெரிதென்று சொன்னேன். அவள் நரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொறி வந்திருந்தாலும் பரவாயில்லை" என்றாள். "தூக்கியிருக்கலாம்."

இதை நீ கேட்டிருக்க வேண்டும். உன்னிடம் சேர்க்க வழியில்லாமல் நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.