சாதிக்கின் புது ஆட்டம்

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. பர்தா ஒரு பக்கம் முழுக்க நனைந்து, அப்படியே முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பேப்பர் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. உம்மாவுக்கு முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, நாளை வாங்கணும்.

ஐந்து மணிக்கு சாதிக்குடன் ஆட்டம். (வாயால் கூப்பிடும்போது மச்சான்தான். பெயர் சொல்வது இந்தப் பக்கத்தில் மட்டும். கட்டிய புருஷனைப் பெயர் சொல்லிக் கேட்டால் உம்மா தாங்காது.) அவர் ஷார்ஜாவில், நான் பட்டினத்தில் உம்மா வீட்டில். போன லீவில் அவர் கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்த கேம் பெட்டி. அங்கே அவர் ரூமிலும் ஒன்று. வெள்ளிதோறும் நான் ஸ்கூல் விட்டு வந்து டீ குடித்ததிலிருந்து பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை, கம்பிக் கூண்டுக்குள் இறங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொள்வோம். மற்றவர்கள் போனில் குடும்பம் நடத்துகிறார்கள். நாங்கள் இப்படி.

என் ஆள் நெட்டைக்கால் தாய்லாந்துக்காரன். தள்ளி நின்று தொடையில் உதைப்பான். சாதிக்கின் ஆள் முன்பெல்லாம் குத்துச்சண்டைக்காரன். அவர் ஆடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடது பக்கம் நழுவுவார், வலது பக்கம் நழுவுவார், எட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு சின்னக் குத்து, பிறகு விலாவில் ஒன்று. என் ஆள் மூச்சு வாங்கிப்போய் நிற்பான்.

இப்போது கொஞ்ச காலமாக மல்யுத்தக்காரனை எடுக்கிறார். மணி அடித்ததும் நேராக வருகிறான். இடுப்பைக் கட்டிப் பிடிக்கிறான். கீழே தள்ளி மேலே படுத்துக்கொள்கிறான். ரவுண்டு முடியும்வரை அதே படுக்கை. புள்ளிக் கணக்கில் அவருக்கு வெற்றி. பார்க்கவே போரடிக்கிறது.

இன்று ஹெட்போனில் கேட்டே விட்டேன். "மச்சான், சண்ட போடுறீங்களா, தூங்குறீங்களா?"

"ஜெயிச்சது யாரு புள்ள?"

"இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? முன்ன மாதிரி நின்னு ஆடுங்களேன்."

"வயசாயிடுச்சு ஜெசி." சிரித்தார். முப்பத்து மூன்று வயது!

அவர் ஆள் என் ஆள்மேல் படுத்துக் கிடப்பதை போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். மேலே ஒரு வரி: "ஷார்ஜா பயில்வான் பாய் விரிச்சுப் படுத்தாச்சு."

நவம்பர் 8, சனி

தைலம் வாங்கியாச்சு. வெயில் எட்டிப் பார்த்தது, துணி காய்ந்தது.

ஸ்டேட்டஸுக்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள். அவர் ரூமில் உடன் இருக்கும் அன்வர் அண்ணன் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் போடவில்லை. அவர் வேலை பார்க்கும் பட்டறை ஆட்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சாதிக்கும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேப்பர் திருத்த உட்கார்ந்து, அதை விட்டுவிட்டு அவரை எப்படி உடைப்பது என்றே யோசனை. கவனித்தவை:

பின்னால் நகர்வதே இல்லை. பக்கவாட்டிலும் இல்லை. ஒரே நேர்கோடு.
தூரத்தில் நிறுத்தினால் தடுமாறுகிறார். உதையைத் தடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறார்.
கீழே போய்விட்டால் மட்டும் பழைய சாதிக். ஒவ்வொரு பிடியும் கச்சிதம்.

கன்ட்ரோலரில் இடது கைக் குமிழ் நடப்பதற்கு. தரையில் இறங்கிவிட்டால் வலது கைக் குமிழ் ஒன்றே போதும், பிடி மாற்ற, புரட்ட, நெரிக்க எல்லாம். சோம்பேறி ஆட்டம். யாரோ ரூமில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி.

நேராக வருகிறவனுக்கு முட்டிதான் மருந்து. குனிந்து இடுப்புக்கு வரும் நொடியில் முகத்துக்கு முட்டி. நேரம் தப்பினால் நான் கீழே. தப்பாவிட்டால் அவர் கீழே.

நவம்பர் 11, செவ்வாய்

கனமழை, ஸ்கூல் லீவு. வாசலில் மீன்காரம்மா வெறுங்கூடையோடு: "கடலு குமுறுது, யாரும் போவல. கருவாடு வேணா தாரேன்." உம்மா கருவாடு வாங்கியது.

பகல் பூராவும் கம்ப்யூட்டர் ஆளோடு முட்டி பழகினேன். உம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர் வேலக்கிப் போற புள்ள பண்ற வேலையாடி இது?" கடைசியில் அதுவே உட்கார்ந்து பார்த்தது. "அந்த ஆளு ஏன் சட்ட போடல?"

சாதிக்குடன் வீடியோ கால். முகம் மட்டும், அதுவும் பாதி இருட்டில். நெட் சரியில்லை என்று சீக்கிரம் வைத்துவிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான்.

நவம்பர் 14, வெள்ளி

ஜெயித்தேன்!! எல்லா ஆட்டமும்!

முதல் ஆட்டம்: மணி அடித்தது, வந்தார், குனிந்தார், முட்டி. மல்லாந்து விழுந்தான் மல்யுத்தக்காரன். நடுவர் ஓடிவந்து நிறுத்திவிட்டார். இரண்டாவதும் அதே. மூன்றாவதில் கொஞ்சம் சுற்றி வரப் பார்த்தார், கால் சிக்கிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார். அப்போதும் முட்டி.

நான் போட்ட கத்தலில் உம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தது.

ஹெட்போனில் அவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "நல்லா ஆடுனே ஜெசி. இன்னைக்கு இது போதும்."

"கோவமா மச்சான்?"

"சேச்சே. கை வலிக்குது."

"கை வலிக்கிற அளவுக்கு நீங்க எங்க அடிச்சீங்க?"

பின்னால் அன்வர் அண்ணன் ஏதோ சொல்லும் சத்தம். "விடு அன்வர்" என்றார். கட் ஆகிவிட்டது. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. தனியாக ஆடிப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சாதிக் போன். வியாழக்கிழமை வருகிறார்! லீவு முறைப்படி ரமலானுக்குத்தான். "சும்மாதான் புள்ள, கெடச்சிது." உம்மா உடனே லிஸ்ட்: கறி, தேங்காய், பாசுமதி, வட்டலப்பத்துக்கு முட்டை. நான்: தலையணை உறை, பாத்ரூம் பல்பு.

நவம்பர் 20, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

திருச்சியிலிருந்து கார் பத்து மணிக்கு வந்தது. உம்மா வாசலில், "வாங்க மாப்புள, வாங்க. என்னா இப்புடி எளச்சிப் போயிட்டீங்க?" ஸலாம் சொன்னார். இடது கைமேல் ஒரு துண்டு. பெட்டியை டிரைவர்தான் தூக்கிவந்து வைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டீ கொடுத்தேன். வலது கையில் வாங்கினார். பிஸ்கட் தட்டை நீட்டினேன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதே கையால் எடுத்தார். நான் துண்டை எடுத்தேன். தடுக்கவில்லை.

மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான் இருக்கின்றன. நடுவிரல் மடங்காது. கட்டை விரல் முழுசாக இருக்கிறது, அழுத்தினால் நடுங்குகிறது. தையல் போட்ட கோடு மணிக்கட்டு வரை. காயம் ஆறித் தோல் பளபளவென்று.

உம்மா "யா அல்லாஹ்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டது.

அலுமினியத் தகடு வெட்டும் மெஷின். ஆகஸ்டில். ஓவர்டைம் என்று ஒன்றரை மாதம் ஆட்டத்துக்கு வராமல் இருந்தாரே, அப்போது. அன்வர் அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்திருக்கிறார். சோறு பிசைந்து கொடுத்தது முதற்கொண்டு.

"ஏன் மச்சான் சொல்லல? ஏன் சொல்லல?" திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டேன்.

"சொல்லணும்னுதான் நெனப்பேன். வெள்ளிக்கிழம வந்தா நீ சிரிச்சுக்கிட்டு வந்து உக்காருவே. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டுருவேன்."

"அந்தக் கையோடயா ஆடுனீங்க?"

"தொடையில வச்சு அமுக்கிக்குவேன். குமிழ முன்னால தள்ள மட்டும் முடியும். பக்கத்துல திருப்ப வராது."

ஒரே நேர்கோடு. நான்தான் எழுதி வைத்தேன், சோம்பேறி ஆட்டம் என்று.

ஸ்டேட்டஸைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன். "பசங்க பாத்தானுங்க. என்னா சொல்றதுன்னு தெரியாம எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்." அவ்வளவுதான்.

கறியை யாரும் தொடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஸ்கூலுக்கு லீவு சொன்னேன். பள்ளிவாசலுக்கு, ஜும்ஆ தொழுகைக்கு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தெருவில் எல்லாரும் கை கொடுக்க வருவார்களே என்று வாசலிலேயே நின்றேன். வலது கையைத்தான் கொடுப்பார்கள், கவலை எதற்கு. இருந்தாலும் நின்றேன்.

திரும்பி வந்து, "ஹஜ்ரத் எனக்காக துஆ கேட்டாங்க. சத்தமா, மைக்ல" என்றார். முகம் நன்றாக இல்லை.

கேம் பெட்டியைப் போடலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று மதியம் அவரே சொன்னார், "வா, ஒரு ஆட்டம்." பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது போன லீவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கன்ட்ரோலரைத் தொடையில் வைத்து, நடுங்கும் கட்டை விரலால் குமிழை முன்னால் தள்ளுவதைப் பார்த்தேன். பார்த்தபிறகு எப்படி ஆடுவது?

மணி அடித்தது. நேராக வந்தார். குனிந்தார். முட்டிக்கான பொத்தானில் என் விரல் இருந்தது. அமுக்கவில்லை. கீழே தள்ளினார். எழ முயற்சி செய்யவில்லை. கழுத்தைப் பிடித்தார். விடுவித்துக்கொள்ளத் தெரியும், செய்யவில்லை. என் ஆள் தரையைத் தட்டித் தோற்றான்.

"மச்சான் ஜெயிச்சாச்சு!" கையைக்கூடத் தட்டினேன்.

கன்ட்ரோலரைப் பாயில் மெல்ல வைத்தார்.

"நீ ஆடல ஜெசி."

"ஆடுனேனே."

"முட்டி தூக்கல நீ. போன ஆட்டத்துல ஒவ்வொரு தடவையும் தூக்குனே."

என் கன்ட்ரோலரையும் கீழே வைத்தேன்.

"ஊருல எல்லாரும் பாவம்னு பாக்குறாங்க. அங்க முதலாளி பாவம்னுதான் டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு. பள்ளில மைக் போட்டு பாவம்னாங்க. வெள்ளிக்கிழம ஆட்டத்துலதான் ஒருத்தி என்னை மனுசனா மதிச்சி முட்டியத் தூக்கி மூஞ்சில இடிச்சா. அவளும் இப்ப இல்ல."

"இன்னொரு ஆட்டம் போடலாம் மச்சான். நெசமா ஆடுறேன்."

"வேணாம் புள்ள. இனிமே நீ எப்புடி ஆடுனாலும் எனக்கு சந்தேகமாத்தான் இருக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். உம்மா, "என்னாடி சொன்னே அவங்கள?" ஒன்றும் சொல்லவில்லை. முட்டியைத் தூக்கவும் இல்லை, அதுதான் விஷயம்.

கேலி செய்தபோதும் அவரைக் காயப்படுத்தினேன். இரக்கப்பட்டு அதைவிடப் பெரிதாக. நடுவில் ஒரு வழி இருந்திருக்கும். முட்டியை அமுக்கியிருக்கலாம். அவர் விழுந்து, சிரித்து, இன்னொன்று என்று கேட்டிருப்பார். ஒரு பொத்தான்.

நவம்பர் 26, புதன்

ஸ்கூலிலிருந்து வந்தால் டிவிக்குக் கீழே வெற்றிடம். தூசியில் பெட்டி இருந்த சதுரம் மட்டும்.

"ஊருல அன்வர் வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். அவன் எனக்குச் செஞ்சதுக்கு நான் ஒண்ணுமே செய்யல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுருப்பே."

ஆமாம், சொல்லியிருப்பேன். சதுரத்தைத் துடைத்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம், நடுவிரல் நரம்பைப் பார்க்க. நானும் வருகிறேன் என்றேன். "ம்" என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

மழை மறுபடி. காற்றும். ஸ்கூல் பாதி நாளோடு விட்டுவிட்டார்கள். கரண்ட் இல்லை.

ஐந்து மணி. டீ. உம்மா பக்கத்து வீட்டு மவுத்துக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தது. நாங்கள் இரண்டு பேர், எதிரே அணைந்த டிவி. கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில், சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் ஆறு மாதம் வருமா? இந்த நேரத்தில் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. "மழ நிக்காது போல" என்றார். "ஆமா" என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

"எப்புடி ஆச்சுன்னு நீ கேக்கவே இல்ல" என்றார்.

மெஷினில் என்று சொன்னாரே, அதற்குமேல் கேட்கத் துணியவில்லை. "சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்கக் கை நீட்டியது. வலிக்கும் முன்னால் சத்தம் கேட்டது. கையுறைக்குள் ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நினைத்தது. அன்வர் அண்ணன் கத்தியபிறகுதான் கீழே பார்த்தது. ஆம்புலன்ஸில், என் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அமுக்காமலே போனது.

நான் அழவில்லை, அழுதால் நிறுத்திவிடுவார். மஃரிப் பாங்கு கேட்டது. எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

முடித்துவிட்டுக் கேட்டார். "நம்ம ஊருல அப்ப மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நீ அப்ப என்னா பண்ணிக்கிட்டு இருந்தே?"

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"ஸ்கூல்ல இருந்திருப்பேன் மச்சான்."

"ஆமா" என்றார். "ஸ்கூல்லதான் இருந்திருப்பே."