பதிமூன்றில் நின்றிருக்கலாம்

ஜூன் 9, திங்கள்

ராஜகோபால் சார் இன்று ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட்டை என் தலையில் கட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரி. அவர்களுடைய போன் எக்ஸ்சேஞ்ச் பழசு, பன்னிரண்டாம் வெர்ஷன். செப்டம்பரோடு அதற்குத் தயாரித்தவர்களின் உதவி நின்றுவிடும். பதினாலுக்கு மாற்றவேண்டும். நேராகப் போக வழியில்லை. பதிமூன்றுக்கு ஏறி அங்கிருந்து பதினாலு. எக்ஸ்சேஞ்சோடு பேசுகிற ஒவ்வொன்றும் - அப்பாயின்ட்மென்ட் எடுக்கிற கால் சென்டர், பேச்சைப் பதிவு செய்கிற சர்வர், மேஜை போன்கள் - எது எந்த வெர்ஷனோடு ஒத்துப்போகும் என்று அட்டவணை போடுவது என் வேலை. ஒன்று ஒத்துவராவிட்டாலும் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி ஊமையாகிவிடும்.

பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் அட்டவணை இதுவரை பொய்த்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற கதிரேசன் ஆபரேட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, ஃபேன் மட்டும். ஆபரேட்டர் யூனிஸ் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே கண் தெரியாது. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலிதான்.

அழைப்பு வந்தால் திரையில் தெரிவதை ஒரு சாஃப்ட்வேர் அவருடைய இடது காதில் படித்துச் சொல்கிறது. வலது காதில் வெளியே இருந்து பேசுகிறவர். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்கிறார். நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு அழைப்பு. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தார். ஒரு பெண்ணின் அழுகை, பேச்சே வரவில்லை. "கொழந்தையாம்மா? வலிப்பா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வெக்காதீங்க. கேஷுவாலிட்டி தர்றேன், போனை வெக்காம இருங்க." சொல்லி முடித்து நாலு செகண்ட் ஆகியிருக்குமா? அதற்குள் டாக்டர் லைனில் இருந்தார்.

இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்தேன். சாஃப்ட்வேரின் பெயர், வெர்ஷன் இரண்டையும் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பதினாலில் ஆபரேட்டர் திரையையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். அக்காவின் சாஃப்ட்வேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தயாரித்தவர்களுக்கு மெயில் போட்டேன். அடுத்த வெளியீட்டில் பரிசீலிப்பார்களாம். எப்போது என்று சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ராஜகோபால் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கேட்டார். ஒருத்தர் என்றேன்.

"ஒருத்தருக்காக ப்ராஜெக்ட் நிக்காது ஷபீனா. தெரிந்த குறைகள்னு ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல போட்டுடு. அவங்க ஹெச்.ஆர். பாத்துப்பாங்க."

போட்டேன். பாதிப்பு என்ற கட்டத்தில் 'குறைவு' என்று எழுதினேன். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானேதான் எழுதினேன்.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட்டில் கதிரேசன் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசிப் பக்கம்வரை புரட்டினாரா? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாற்றிவிட்டோம். காலை பத்துக்குப் பதிமூன்று, மாலை நாலுக்குப் பதினாலு. அறுநூறு போனும் எழுந்துவிட்டன. சார் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். அக்காவுக்கு ஞாயிறு லீவு.

ஆகஸ்ட் 25, திங்கள்

எட்டு மணிக்கே போய்விட்டேன். அக்கா ஹெட்போனை மாட்டினார். தட்டினார். மறுபடி தட்டினார்.

"மேடம், சத்தமே வரலையே. என் மிஷின் போயிடுச்சா?"

அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. ஹெச்.ஆர். சொல்லவில்லை, கதிரேசன் சொல்லவில்லை. நான்? நான் சொன்னேனா?

அங்கேயே நின்றபடி சொன்னேன். ரிசப்ஷனிலிருந்து ரேஷ்மா என்ற பெண்ணைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் திரையைப் பார்த்துத் தடுமாறும்போதெல்லாம் அக்கா எக்ஸ்டென்ஷன் எண்ணைச் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம்வரை ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அதில் ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது லீவு. என் வீட்டுக்காரர் உஸ்மான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அட்டவணையை எடுத்தேன். முடிந்துபோன வேலை, எதற்கு எடுத்தேன்?

பதிமூன்று. பதிமூன்றில் பழைய ஆபரேட்டர் திரை ஓடும். கால் சென்டர் ஓடும். ரெக்கார்டிங் ஓடும். 2027 டிசம்பர்வரை உதவி உண்டு. நான் என் கையால் போட்ட கட்டங்கள், வரிசையாகப் பச்சை. பதிமூன்றிலேயே நின்றிருக்கலாம். இரண்டு வருஷம் கிடைத்திருக்கும், அதற்குள் புதுத் திரைக்கு ஏதாவது வழி பிறந்திருக்கும். பதினாலுக்குப் போகிற வழியில் ஒரு படி என்று மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன்.

யா அல்லாஹ். எதிர்லயே இருந்துச்சே. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான் -

செப்டம்பர் 8, திங்கள்

சாரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு எழுதி, பதிமூன்றுக்குத் திரும்பலாமா என்று கேட்போம் என்றேன். எழுதினால் தப்பு நம்முடையது என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும் என்றார். தப்பு நம்முடையதுதானே சார் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதிரேசனுக்கு நானே எழுதினேன். மூன்று மணிக்குப் பதில் வந்தது. புது எக்ஸ்சேஞ்சின் தானியங்கிக் குரலே போதுமானதாக இருக்கிறதாம். ஆபரேட்டர் பதவி இனி தேவையில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்து, யூனிஸுக்கு ஒன்றாம் தேதியே கடிதம் கொடுத்தாகிவிட்டதாம். தங்கள் அக்கறைக்கு நன்றி.

ஐந்து மணிக்கு சார் என்னை அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

ரேஷ்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் போனேன். அக்காவின் அண்ணன் சவுரிமுத்து கதவைத் திறந்து, யாரென்று கேட்டு, உள்ளே விட்டார். பதிமூன்றைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். 'குறைவு' என்று எழுதியதையும் சொன்னேன்.

அக்கா கடைசிவரை கேட்டார்.

"அந்த சாஃப்ட்வேரை வாங்க வெக்கவே ரெண்டு வருஷம் மனு போட்டேன். அன்னிக்கு ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. பேரு கேட்டீங்க, வெர்ஷன் கேட்டீங்க. இது ஓடலன்னா நீ என்ன பண்ணுவேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் மேடம். சண்டை போடறதுக்காவது எனக்கு ரெண்டு மாசம் இருந்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். அக்கா அண்ணனைக் கூப்பிட்டு, இவங்கள ஆட்டோ வர்ற எடம்வரைக்கும் கொண்டு விடுங்க என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உஸ்மானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடப் போகிறாயா என்றார். விடவில்லை. விடமாட்டேன் என்றும் தெரிகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

புது ப்ராஜெக்ட் செங்கல்பட்டில், ஒரு காலேஜ். காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் நல்ல மழை, கூரையின் கீழ் இடமே இல்லை. இரண்டு ஆள் தள்ளி யூனிஸ் அக்கா நின்றிருந்தார். கையில் கோல், தோளில் சாப்பாட்டுப் பை. கூடுவாஞ்சேரியில் மனை விற்கிற கம்பெனி ஒன்றில் போன் பேசுகிற வேலை கிடைத்திருப்பதாக ரேஷ்மா சொல்லியிருந்தாள். இளைத்துப்போயிருந்தார்.

வண்டி வந்ததும் கூட்டம் நகர்ந்தது, அக்கா எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். முகத்தை என் பக்கம் திருப்பி, "இது கூடுவாஞ்சேரி போற வண்டிதானேங்க?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் நான் யாரென்று தெரிந்துவிடும்.

பின்னாலிருந்த பூக்காரம்மா, "ஆமா, ஏறும்மா" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நான் ஏறவில்லை. அடுத்த வண்டி இருபது நிமிஷம் கழித்து வந்தது.