மாற்றி வாசித்த ஏடு

அன்பு மச்சாள் பூரணத்துக்கு,

'அன்பு' என்று எழுதியது பழக்கத்தால். வெட்டிவிடத்தான் நினைத்தேன். மை ஊறிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். உன் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமென்று உன் மகள் வசந்தி கேட்டாள். நல்லதாக நாலு வார்த்தை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதப் போகிறேன்.

நீ போனபிறகு இங்கே ஊர் அப்படியேதான் இருக்கிறது. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நிற்கிறோம். வாவியில் இந்த முறை இறால் நன்றாகப் பட்டதாம். எங்கள் வீட்டுச் சட்டிவரை அது வரவில்லை. நான் இன்னும் அதே நூதனசாலையில்தான் வேலை செய்கிறேன், பள்ளிக்கூட விடுமுறையில் நாம் இருவரும் பயிற்சிக்குப் போன அதே இடத்தில்.

அன்று மாணவர்களுக்கு இரண்டே இடம். இரண்டும் நமக்குக் கிடைத்ததென்று துள்ளிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? முதல் கிழமையே ஒல்லாந்தர் காசுகளைப் புளி போட்டு மினுக்கி வைத்து, பொறுப்பதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு நம் ஊர் அம்மன் கோயில் ஓலை ஏடு நூதனசாலைக்கு வந்தது. சடங்கில் முதல் மரியாதையாகக் கொடுக்கும் வெற்றிலைத் தட்டு, அந்த முதல் வட்டா, எந்தக் குடி வம்சத்துக்கு என்று எங்கள் குடிக்கும் உங்கள் குடிக்கும் ஓயாத சண்டை. அதுவரை வருஷாவருஷம் வட்டாவை வாங்கி வந்தவர் எங்கள் குடிப் பெரியவர், என் மாமா. அவர்தான் உன் அப்பா. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். நீ உன் அம்மாவின் குடி. இரண்டு குடிப் பிள்ளைகளும் சேர்ந்து ஏட்டை வாசித்து எழுதட்டும், அதை ஒப்புக்கொள்கிறோம் என்று கோயிலார் சொன்னார்கள்.

உனக்கு ஏடு வாசிக்கத் தெரியும், உன் அப்பா பழக்கியது. எனக்குத் தெரியாது, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். நீ வாசித்தாய், நான் எழுதினேன். அதையே நூதனசாலையில் ஏட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் பலகையிலும் எழுதி, அடியில் 'வாசித்தவர் பூரணம், எழுதியவர் நேசம்' என்று போட்டோம். முதல் வட்டா உங்கள் குடிக்கு என்று நீ வாசித்தபோது என் கை ஒருமுறை நின்றது. "எழுது கா, என்ன யோசிக்கிறாய்?" என்றாய். எழுதினேன்.

அந்த வருஷச் சடங்கில் வட்டா மாமாவைத் தாண்டிப் போனது. வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டியிருந்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் முகத்தை நான் பார்த்தேன் பூரணம். ஒன்றுமே இல்லை அதில்.

"எழுதினது நீதானே கா" என்று என் அம்மா என்னோடு மாதக்கணக்கில் கதைக்கவில்லை. மாமா சாகும்வரை அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பெற்ற மகள் செய்தது என்று அவருக்குத் தெரியுமா? அவரே ஏடு வாசிக்கத் தெரிந்தவர், எடுத்துப் பார்க்கக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

நூதனசாலையில் கிளாக்கர் வேலை கிடைத்தபின் மூன்று வருஷம் விழுந்து விழுந்து ஏடு வாசிக்கப் பழகினேன். அந்த ஓலையை எடுத்தேன். முதல் வட்டா எங்கள் குடிக்கு என்று தெளிவாக இருந்தது. அன்றே உன்னிடம் ஓடி வந்தேன். நீ மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"ஓம் கா, மாத்தித்தான் வாசிச்சன். இப்ப என்ன செய்யப் போறாய்? உன்ட குடிக்காகச் சொல்றாய் எண்டுதான் ஊர் சொல்லும்" என்றாய். கத்தி நிற்கவே இல்லை.

நீ சொன்னது சரிதான். உங்கள் குடியில் ஒருவர் வாசித்தாலொழிய அந்தப் பலகை அசையாது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டேன், இப்போதாவது சொல்லிவிடு என்று. "தோடம்பழம் உரிச்சுத் தா" என்றாய். உரித்துத் தந்தேன். தின்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாய்.

நீ போனபின் விடுமுறைப் பயிற்சிக்கு வந்த விண்ணப்பங்களில் மேலாக இருந்தது உன் மகளுடையது. கிழித்துப் போட மனம் வந்தது. பிறகு, உண்மையைச் சொல்கிறேன், ஒரு கெட்ட எண்ணம் வந்தது. அவளும் உங்கள் குடிதானே. அவளை எடுத்து, விடுமுறை முடிந்தும் விடாமல் ஏடு வாசிக்கப் பழக்கி, ஒருநாள் அந்த ஓலையையே கொடுத்தேன். தாயைப்போலத்தான் மாற்றி வாசிப்பாள், பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

எழுத்தெழுத்தாக வாசித்து வந்தவள் நின்றாள். பலகையைப் பார்த்தாள்.

"மாமி, நான் பிழையா வாசிச்சிட்டன் போல."

"திரும்ப வாசி."

திரும்பவும் வாசித்தாள். முதல் வட்டா எங்கள் குடிக்கு. பலகையின் அடியில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் காட்டித்தானே கூட்டாளிகளிடம் பெருமை பேசுவாள்! அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"புதுப் பலகை எழுதுங்க மாமி. வாசிச்சது நான் எண்டு என்ட பேரைப் போடுங்க. கோயிலுக்கும் நானே வந்து வாசிக்கிறன்" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மாட பலகையை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

அதைக் கேள்விப்பட்டதிலிருந்து உன் தம்பிமார் அவளோடு கதைப்பதில்லை. அவள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். எனக்குப் பதினேழு வயதில் இல்லாத தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? உன்னிடமிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று முடித்தால் மலருக்கு அழகாக இருக்குமாம். முடிக்கமாட்டேன். எனக்கு உன்மேல் கோபம். ஒரு சொல் சொல்லாமல் செத்துப்போனாயே என்று அதைவிடக் கோபம்.

உன் பலகையை எறியமாட்டேன் பூரணம். அடுத்த சடங்குக்கு முன் புதுப் பலகை ஏறும், 'வாசித்தவர் வசந்தி' என்று. அதன் பக்கத்திலேயே உன்னுடையதும் தொங்கும், உன் பெயரும் என் பெயரும் அழியாமல். 'இது மாற்றி வாசித்தது, பார்க்காமல் எழுதியது' என்று அதன் கீழே ஒரு வரி நானே எழுதுவேன். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் அதைத்தான் காட்டுவேன். நான் இருக்கும்வரை இதை யாரும் கழற்றமாட்டார்கள், இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வாயை நம்பி எழுதிய
உன் மச்சாள் நேசம்