சோபா போட்ட அறை

மார்ச் 4, செவ்வாய்
ஜோவானுக்கு இருமல் விடவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை, இருமி இருமிச் சோர்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் அப்பா ரோய்ஸ்டன், காருக்குப் பளபளக்கும் சக்கர ரிம் போனில் தேடிக்கொண்டிருந்தார். மகளுக்கு அடுத்தபடி அவருக்கு ரிம்தான். எனக்கு எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்
மூச்சு வாங்குகிறாள். விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “அங்க கூட்டம்லா. நமக்குத்தான் கார்டு இருக்கே!” என்றார் என் துரை. அந்தக் காப்புறுதிக் கார்டு எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தனியார் மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். அறையில் டிவி, சோபா. எங்கள் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் ரோய்ஸ்டன் அறை எண்ணோடு படம் போட்டார். சோபா முழுதாகத் தெரிந்தது, பிள்ளையின் ஒரு கால் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி
கார்டு செல்லாதாம். எடுத்த முதல் மாதத்தில் வரும் நோய்க்குப் பணம் தரமாட்டார்களாம். ரிம் வாங்கச் சேர்த்த காசை நேற்று முன்பணமாகக் கட்டினோம், அதுவும் தீர்ந்தது. இன்னும் மூவாயிரம் ரிங்கிட் கட்டச் சொல்கிறார்கள். ஆக்சிஜன் இன்னும் சில நாள் வேண்டுமாம். எங்கே போவது? எம்புள்ள மூச்சுக்கு வெல போட்டா நான் என்னத்த விக்கிறது?

நானே டாக்டரிடம் கேட்டேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மாற்ற உடனே கடிதம் எழுதினார். ரோய்ஸ்டன் சோபாவில் கிடந்த துணிகளைப் பையில் அடுக்கினார்.

மார்ச் 8, சனி
குழந்தைகள் வார்டு. கூட்டம்தான். சோபா இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. ஆக்சிஜன் மட்டும் அதே ஆக்சிஜன். இங்கே மாறி வந்ததைப் பற்றி ஜெபக் குழுவில் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு ரோய்ஸ்டனின் உத்தரவு.

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து ஜெபக் குழு சாந்தினி அக்கா போன் செய்தார். எங்கள் ஊர் புந்தோங்கிலிருந்து குழு மொத்தமும் திராட்சையோடு அந்தப் பழைய அறைக்குப் போயிருக்கிறது. கட்டிலில் ஒரு சீனப் பெரியவர்.

“போனதுக்கு அவருக்கே ஜெபம் பண்ணி, பழத்தையும் குடுத்துட்டு வந்தோம்லா. புள்ள எங்க?”

போனை ரோய்ஸ்டனிடம் நீட்டினேன். அவசரமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டார். நான்தான் எல்லாம் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்
மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிஸ்கட் கேட்டாள். ஆண்டவரே!

மார்ச் 12, புதன்
இன்று வீட்டுக்கு விட்டார்கள். பில் ஐம்பது ரிங்கிட்கூட இல்லை. தொகை சரிதானா என்று ரோய்ஸ்டன் இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கட்டினார். அப்புறமும் கவுண்டரை விட்டு நகரவில்லை.

“நீ சொன்னப்பவே இங்க வந்திருக்கலாம் பமேலா. கெத்து காட்டப்போயி புள்ளய...”

முடிக்க முடியாமல் அழுதார். வாரம் முழுக்க அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த கிண்டலில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. தூங்கும் ஜோவானை அவர் தோளில் சாய்த்தேன்.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றேன்.