தொட்டிலுக்கு அளவு போட்டவள்

14-6-94

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தி.நகர் கடையில் மின்விசிறி நின்றுபோய் இரண்டு நாளாகிறது, கேட்பாரில்லை.

பெசன்ட் நகரிலிருந்து வர்ஷினியும் அவள் அம்மாவும் வந்தார்கள். வர்ஷினிக்கு ஒன்பதாம் மாதம். தேக்குத் தொட்டிலும், உறவுக்காரர்களின் பழைய புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்ட பஞ்சுப் போர்வையும் வேண்டுமாம். ஆனால் குழந்தை பிறக்கும் முன்னால் மரத்தில் ரம்பம் படக்கூடாது, துணியில் கத்தரி படக்கூடாது. அளவு மட்டும் போட்டு வைக்கலாம். அதற்குத் தோஷமில்லையாம்!

இந்த ஊர்ச் சாஸ்திரத்தால்தான் நம் பிழைப்பே நடக்கிறது. பிறந்த சேதி வந்தால் பதினோராம் நாள் பேர் வைக்கிற புண்யாஹவாசனத்துக்குள் தொட்டில் போய்ச் சேரவேண்டும். அளவு தப்பினால் மரத்துக்கும் துணிக்கும் திரும்ப ஓட நேரம் கிடையாது. கல்லாவில் உட்காருவது என் ஆத்துக்காரர் ஸ்ரீனிவாசராகவன். அளவு போடுவதும் போர்வை தைப்பதும் நான்.

போர்வை மூன்றடிக்கு நாலடி. நாலு அங்குலச் சதுரம், அகலத்தில் ஒன்பது, நீளத்தில் பன்னிரண்டு. வெட்டும்போது நாலரை. மூட்டு ஒவ்வொன்றும் அரை அங்குலம் தின்னும். இவருக்கு இது பதினெட்டு வருஷமாகப் புரியவில்லை.

15-6-94

மின்விசிறி இன்னும் ஓடவில்லை.

28-6-94

வர்ஷினிக்குப் பெண் குழந்தை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் போன் போட்டு, மரத்தை அறுக்கலாம் என்று தச்சர் ஹனீஃபா பாயிடம் சொல்லிவிட்டேன். மூட்டை நிறையப் புடவை வந்திருக்கிறது. ஒரு சுங்குடி, பாவம், தொட்டாலே கிழிகிறது. பின்னால் மெல்லிய துணி கொடுத்துத்தான் வெட்டவேண்டும்.

5-7-94

போர்வை முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

7-7-94

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

தொட்டிலை எடுத்துப்போக வர்ஷினியின் அம்மா வந்தாள். போர்வையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் இவரிடம் கேட்டாள்: "யார் தைச்சா? குழந்தை குட்டி உள்ளவாதானே? பச்சைக் குழந்தை மேல போடறது, அதான் கேக்கறேன்."

நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். கழுத்தில் டேப் தொங்குகிறது. இவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"எங்க மாளவிகா தைச்சா. என் தம்பி ஆம்படையா. ரெண்டு பிள்ளை அவளுக்கு. கையே ராசி."

மாளவிகா! ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள்! அந்த மாமி கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

ராத்திரி கேட்டேன். "வியாபாரம் ஜானு, ஒரு வார்த்தை சொன்னேன், உன்னைக் குறைச்சா சொன்னேன்?" என்கிறார். குறைச்சு எங்கே சொன்னார், இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாரே. குழந்தைக்குன்னு காட்டின அந்த லேடி டாக்டர், ரெண்டு பேரும் வந்து சோதனை பண்ணிக்கணும்னு எத்தனை தடவை சொன்னா? நான் போனேன், ஊசி ஊசியாக் குத்திண்டேன். இவர் ஒரு நாள் வந்தாரா? எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு அந்த டாக்டர் சொன்னதை யார்கிட்டயாவது வாயைத் திறந்து சொன்னாரா? பழி என் தலையில, ராசி அவ கையில.

19-7-94

கடை வாசலில் புதுப் பலகை. 'மாளவிகா தொட்டில்கள்.' சிவப்பு எழுத்து. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது, பெயின்டர் வந்து மாட்டும்போதுதான் பார்த்தேன்.

மாளவிகா வந்தாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அக்கா, அண்ணாதான் கேக்கலை" என்றாள். சொல்லும்போதே பலகையை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் மேல் கோபம் இல்லை. இருக்கிறது. கொஞ்சம்.

20-7-94

என் கை ஆகாதென்றால் எதற்குமே ஆகாது. இனி அளவும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"இதென்ன பிரம்ம வித்தையா? நானே போடறேன்" என்றார்.

போடட்டும்.

11-8-94

ஹனீஃபா பாய் மந்தைவெளி வரைக்கும் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் புது ஆர்டர் தொட்டிலின் சட்டம்.

"இன்னாம்மா இது? சார் ஒரு இஞ்ச்னு எழுதிக்கினு வந்தாரு, மரத்தையும் ஒரு இஞ்ச்லயே அறுக்கச் சொல்ட்டாரு. இழைச்சா முக்கா இஞ்ச்தான் கீது. புள்ள பொரண்டா ஆடும்மா. நான் சொன்னா, அம்மா கணக்கு எனக்குத் தெரியும்னு கத்தறாரு."

"நான் இப்ப அதெல்லாம் பாக்கறதில்லை பாய்" என்றேன். காபி கொடுத்தேன். அவர் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு குடித்தார்.

சாயங்காலம் போர்வை கதை. இவர் யாரோ டெய்லரிடம் கொடுத்திருக்கிறார். சதுரத்தை நாலு அங்குலமாகவே வெட்டியாச்சு. தைத்து வந்தது ஆறு அங்குலம் குட்டை, தொட்டிலுக்குள் கைக்குட்டை போட்ட மாதிரி. துணி சரியில்லை, டெய்லர் சரியில்லை என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

12-8-94

"வீம்பு பண்ணாதே ஜானு. நாளன்னிக்கு அந்தப் புது ஆர்டர்காராத்துல புண்யாஹம். நீ அளவு போடு. பேர் யார் பேர்ல இருந்தா என்ன?"

"போடறேன். தைக்கவும் தைக்கறேன். அந்தப் பலகையை இறக்கிடுங்கோ. யாராவது கேட்டா, என் ஆம்படையா ஜானு தைச்சான்னு சொல்லுங்கோ. இவ்வளவுதான்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

3-9-94

வர்ஷினி கடைக்குப் போன் செய்து வீட்டு நம்பர் வாங்கியிருக்கிறாள். குழந்தை அந்தப் போர்வை இல்லாமல் தூங்குவதில்லையாம், துவைத்துப் போட மாற்றுக்கு ஒன்று வேண்டுமாம். "மாளவிகா மாமியா பேசறது?"

"இல்லை. அதைத் தைச்சது நான். பேர் ஜானு. எனக்குக் குழந்தை கிடையாது."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "பரவாயில்லை மாமி, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்களே தைச்சுக் குடுங்கோ. அம்மாகிட்ட மட்டும் சொல்லவேண்டாம்."

நல்ல பெண்தான். அதனால்தான் மறைக்கச் சொன்னது இன்னும் உறைத்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டு வாம்மா. அப்புறம் அளவு எடுக்கறேன்" என்றேன்.

10-9-94

போன் வரவில்லை.

24-9-94

இன்றும் வரவில்லை. இனி வராது. என்ன எதிர்பார்த்தேன்?

8-10-94

தொட்டில் ஆர்டர் வந்தால் இவர் "இப்ப எடுக்கறதில்லை" என்று திருப்பி அனுப்புகிறாராம். பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. தொழிலையே விட்டாலும் விடுவார், என் பேரைச் சொல்லமாட்டார். அப்படி அந்தப் பேரில் என்னதான் விஷம் இருக்கிறது?

21-10-94

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு அளவு போட்டேன். கட்டில், மூன்றடிக்கு ஆறேகால். சட்டம் ஒன்றே கால் அங்குலத்துக்கு அறுத்தால் இழைத்தபின் ஒன்று நிற்கும். போர்வைக்கு என்னுடைய புடவைகளே போதும். பின் அறை ஜன்னல் பக்கம் அளந்து பார்த்தேன், கதவு இடிக்காமல் திறக்கிறது.

காகிதத்தில் யாருக்கு என்ற இடத்தில் 'ஜானு' என்று எழுதிப் பட்டறைக்கு அனுப்பினேன்.

2-11-94

இவர் பட்டறைக்குப் போனபோது கட்டில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்ததாம். பாய் போனில் சொன்னார். "யாருது பாய் இது, சிங்கிள் கட்டிலு, நான் ஆர்டர் எடுக்கலியேன்னாரு. அம்மாவுதுதான் சார், ஊட்டுக்குத்தான்னேன். அங்கியே நின்னுக்கினு இருந்தாரு, அப்பால பூட்டாரு."

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். கேட்பார் என்று இருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட வைத்திருந்தேன். இரண்டாம் தடவை மோர் வேண்டுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

பாய் வெள்ளிக்கிழமை கட்டிலைக் கொண்டுவருகிறார்.