முந்தானைக்குள் ஒரு கை

மதினி,

இன்று காலை கிளினிக்கில் ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கத்தான் போயிருந்தேன். "சோந்து போயிட்டீகளேக்கா, ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிருவோமா?" என்றபடியே நர்ஸம்மா என் இடது கையைப் பிடித்துவிட்டாள்.

ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்தால், மறுநாள் நாம் இரண்டு பேரும் அந்தக் கிளினிக்கில்தானே படுத்துக் கிடப்போம்! பந்தலுக்குக் கீழே அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே கழன்றுவிடும். "ஒரு பாட்டில் ஏத்துனாத்தான்டி உசுரு வருது" என்பீர்கள். பாட்டில் இறங்கி முடியுமட்டும் என் அண்ணனைக் கிண்டலடித்துச் சிரிப்பீர்கள். பகலில் கட்டிலில் சாய நமக்கு வேறு சாக்கு ஏது?

அப்புறம் உங்களுக்குக் கிட்னி போனது. டயாலிசிஸுக்குக் கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைக்கவேண்டும், ஃபிஸ்டுலா என்றார்கள். தேனி ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷனுக்கு வராண்டா கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் நம் பக்கத்துச் சனம். காத்துக் காத்து உங்கள் முறை வந்தபோது, டாக்டர் இரண்டு கையையும் தடவித் தடவிப் பார்த்தார். "நரம்பெல்லாம் ஊசி குத்தியே கெட்டுப்போச்சேம்மா, இதுல எங்கன தைக்கிறது?" என்றார். கழுத்தில் குழாய் போட்டு, அதன் வழியாகவே டயாலிசிஸை ஓட்டினீர்கள். அதில் சீழ் பிடித்து, குளிர்காய்ச்சல் கண்டு, போயே போய்விட்டீர்கள். அந்தப் பாழாய்ப்போன பாட்டிலுக்காகவா மதினி அத்தனை தரம் கையை நீட்டினோம்?

நீங்கள் இருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். எனக்கும் கிட்னி கெட ஆரம்பித்துவிட்டது. "இடது கையில ஊசியே போடக்கூடாது, பின்னாடி டயாலிசிஸுக்கு அதுதான் தேவைப்படும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வேன்? பயமாக இருக்கிறது மதினி.

நர்ஸம்மா பிடித்த கையை வெடுக்கென்று உருவி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"என்னக்கா, வெறும் குளுக்கோஸ்தான?" என்று சிரித்தாள் அவள்.

"வேணாந் தாயி. இதுக்குக் கைய நீட்டி நீட்டித்தான் எங்க மதினி போய்ச் சேந்தாக."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கை இன்னும் முந்தானைக்குள்தான் இருக்கிறது.